குலுக்கலில் இடம் கிடைத்தது, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை நான். ஓய்வுக்குப் பிறகு சாயங்கால நேரத்தில் வீட்டு முன்வாசலில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. அதனால் வருகிறவர்கள் எல்லாம் தறிக்குடோன், பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை என்று வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான். அவர்களில் சிலர் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். சிலர் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், அதாவது தனியார் பள்ளியில் கால் பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, எட்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசே கட்டுகிற ஏற்பாட்டில், குலுக்கலில் இடம் கிடைத்துச் சேர்ந்தவர்கள். இரண்டு தரப்பும் ஒரே பாயில் உட்காருவதால் எனக்குத் தெரியவருகிற சில விஷயங்களை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒவ்வொரு ஆண்டும் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வருகிறது. மாவட்டத்தில் இத்தனை பள்ளிகள், இத்தனை இடங்கள், இத்தனை விண்ணப்பங்கள், இன்ன தேதியில் குலுக்கல். கொஞ்ச நாள் கழித்து, அரசு தர வேண்டிய கட்டணப் பாக்கி வரவில்லை என்று பள்ளி நிர்வாகிகள் சொல்வது வரும். 2025-26இல் மத்திய அரசின் நிதி வராமல் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனது, அதையும் விரிவாகப் போட்டீர்கள். எல்லாம் வேண்டிய செய்திகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாமே பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே போன பிள்ளை படித்ததா, எழுத்துக்கூட்ட வந்ததா, எட்டாம் வகுப்பு வரைக்கும் அதே பள்ளியில் இருந்ததா என்று எழுதுவார் யாருமில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்காலில் தண்ணீர் திறந்ததைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்காமல் விடுவது போல இருக்கிறது.

சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 25 சதவீத ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 2013-14இல் இருந்து சேர்க்கை நடக்கிறது. அந்த ஆண்டு எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை 2023இல் எட்டாம் வகுப்பை முடித்து, 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும். அந்த மே மாதம் முடிவுகள் வந்தபோது நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தேன். மாவட்ட வாரியாக இருந்தது, பாட வாரியாக இருந்தது, மாணவர், மாணவியர், அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் என்று பிரித்துப் பிரித்துச் சதவீதம் இருந்தது. அரசின் பணத்தில் பத்து வருடம் தனியார் பள்ளியில் படித்து முடித்த முதல் கூட்டம் எப்படித் தேறியது என்று மட்டும் ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

சரி, என் முன்வாசலுக்கு வருகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா அதே குடோனில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். எங்கள் பகுதியில் பெயர் பெற்ற ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் 25 சதவீதத்தில் இடம் கிடைத்தவன். அவன் நோட்டைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். கேள்வி நீல மையில், பதில் கருப்பு மையில், முத்து முத்தான கையெழுத்து. மண் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, எல்லாம் ஆங்கிலத்தில். படித்துக் காட்டு என்றால் கடகடவென்று சொல்வான். ஒருநாள் அதே பதிலில் இருந்த சொற்களை இடம் மாற்றி வேறொரு தாளில் எழுதி நீட்டினேன். முதல் சொல்லையே படிக்க முடியவில்லை. பக்கத்தைப் பார்த்ததும் மனப்பாடமாக வாயில் வருகிறதே தவிர, எழுத்தைப் பார்த்து வரவில்லை. தமிழிலும் கதை அதுதான். 'கொக்கு' என்று எழுதச் சொன்னால் கொம்பு போடுவதா கால் போடுவதா என்று என் முகத்தைப் பார்க்கிறான். 43இல் 27 போனால் எவ்வளவு என்றால் 24 என்கிறான். மூன்றில் ஏழு போகாது என்பதால் ஏழில் மூன்றைக் கழித்துவிடுகிறான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பது அவன் டீச்சருக்கும் தெரியாது. ஏனென்றால் பரீட்சையில் புத்தகத்தில் இருக்கும் அதே கணக்குத்தான் வருமாம், அதன் விடைகள் அவனுக்கு மனப்பாடம்.

ரேங்க் கார்டில் எல்லாப் பாடத்துக்கும் 'ஏ' போட்டிருக்கிறார்கள். அவன் அம்மா அதைத்தான் நம்புகிறார். "நல்லாத்தானுங்க டீச்சர் படிக்கறான், எல்லாத்துலயும் ஏ போட்டிருக்காங்கொ" என்று சொல்லும்போது அந்த முகத்தில் இருக்கிற சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

அதே பாயில் அதே வயதுப் பெண் ஒருத்தி, அரசுத் தொடக்கப் பள்ளி. ஆங்கிலத்தில் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. ஆனால் தமிழில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் எழுத்துக்கூட்டி, நின்று நின்று, படித்துவிடுவாள். அவர்கள் வகுப்பில் 2022இல் இருந்து 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. வயதை வைத்து இல்லாமல் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே அரும்பில் இருக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. அந்தத் திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. பதிவேற்றும் வேலையிலேயே பாதி நேரம் போகிறது என்று இப்போது பணியில் இருக்கும் டீச்சர்கள் என்னிடம் புலம்புகிறார்கள். இருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு வழி இருக்கிறது. தனியார் பள்ளிக்குப் போன நம் பையனுக்கு அந்த வழி இல்லை. கட்டணத்தை அரசு கட்டுகிறது, ஆனால் அரசின் அந்தத் திட்டம் அவன் வகுப்புக்குள் போகாது.

இதனால் அரசுப் பள்ளிதான் உசத்தி, தனியார் மோசம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மெட்ரிக் பள்ளி டீச்சர்களில் என்னிடம் படித்த பெண்களே இருக்கிறார்கள். பனியன் கம்பெனி டெய்லர் வாங்கும் வாரச் சம்பளத்தைக் கணக்குப் போட்டால் அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, காலையில் வேனில் பிள்ளைகளோடு ஏறிச் சாயங்காலம் நோட்டுக் கட்டோடு இறங்குகிறவர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளிகள் வீட்டில் இன்னொரு ஆசிரியர் இருப்பதாக வைத்துக்கொண்டு நடக்கின்றன. பகலில் பாடம் நடக்கும், சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வரும், டைரியில் 'வீட்டில் பயிற்சி தரவும்' என்று ஆங்கிலத்தில் எழுதி வரும். கட்டணம் கட்டிச் சேர்க்கும் வீட்டில் அம்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார், இல்லையென்றால் டியூசன். ஒன்றரை ஷிஃப்ட் போய்விட்டு ராத்திரி எட்டரைக்கு மேல் வருகிற அம்மாவுக்கு அந்த டைரியைப் படிக்கவே தெரியாது. போன் அப்பாவிடம் குடோனில் இருக்கும், தறிச் சத்தத்தில் மெசேஜ் வந்தது கேட்கவா போகிறது. ஆக, பாதிப் பாடம் இந்தப் பிள்ளைக்கு நடக்கவே இல்லை. எல்.கே.ஜி.யில் விடுபட்ட அந்தப் பாதி ஒன்றாம் வகுப்பில் கூடுகிறது, மூன்றாம் வகுப்பில் மலையாக நிற்கிறது. யாரையும் பெயிலாக்குவது இல்லை என்பதால் வெளியில் தெரிவதில்லை. பெயிலாக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நம் மாநிலம் அதில் பிடிவாதமாக இருப்பது சரிதான்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போது, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுகிற குழந்தைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றும் இருக்கிறது. இது நடக்கிறதா என்று ஆய்வு செய்ய யாராவது பள்ளிக்குப் போகிறார்களா? கட்டிட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, வாகனத் தகுதிச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள், அவையும் வேண்டியவைதான். கற்றலைப் பார்ப்பதற்கு மட்டும் ஆள் இல்லை. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, பெற்றோர் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு 21ஆம் பிரிவு அந்தக் குழுவிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. தறிக்காரர் எங்கே போய்க் கேட்பார்?

கேட்கவும் பயம். இலவசமாகச் சேர்த்திருக்கிறார்கள், வாயைத் திறந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைக்கிறார்கள். இலவசம் என்பதும் பேருக்குத்தான். "பீஸ் இல்லீன்னு சொன்னாங்க டீச்சர், இப்ப புக்கு, யூனிபார்ம், ஸ்மார்ட் கிளாஸ்னு கேக்கறாங்கொ" என்று ஜூன் மாதத்தில் யாராவது ஒருவர் என் வீட்டு வாசலில் நிற்காமல் இருப்பதில்லை. தொடக்கக் கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கிற எந்தக் கட்டணமும் செலவும் பிள்ளைமேல் விழக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. பள்ளிகளும் ஒரு நியாயம் சொல்கின்றன: அரசு தருவது ஒரு பிள்ளைக்குத் தன் பள்ளியில் அது செலவழிக்கும் தொகை அல்லது பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதுதான், அதுவும் தாமதமாக வருகிறது என்று. இந்த இழுபறியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. படிப்பில் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டாத வாரங்களில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வீடு மாறினாலும் அதே கதை. திருப்பூர்ப் பக்கம் லைன் வீட்டில் குடியிருப்பவர்கள் வாடகை ஏறினால் காலி பண்ணிக்கொண்டு போக வேண்டியவர்கள். சேரும்போது ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பள்ளி அப்புறம் ஆறு கிலோமீட்டர் ஆகிவிடும், வேன் கட்டணத்தை அரசு தராது. மழை நாளில் பிள்ளை வராது.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதைச் சொல்லாவிட்டால் தப்பு. ஒரு பெண், இதே ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்ந்தவள், இப்போது ஏழாம் வகுப்பு. ஆங்கிலக் கதைப் புத்தகத்தை என்னைவிட வேகமாகப் படிக்கிறாள். அவளுக்கு இரண்டு விஷயம் வாய்த்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சித்தி ஒருத்தி வீட்டில் இருந்தாள். இரண்டாம் வகுப்பில் ஒரு டீச்சர், மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கால் மணி நேரம் இவளையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் தனியாக உட்கார வைத்து, தமிழிலேயே விளக்கிச் சொல்லி, ஆங்கில எழுத்தின் ஒலியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பள்ளி செய்யச் சொல்லவில்லை, அவராகச் செய்தது. அவ்வளவுதான் வேண்டியிருக்கிறது, அது அதிர்ஷ்டத்தில் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. குலுக்கலில் ஒரு முறை, வகுப்பு டீச்சரில் இன்னொரு முறை.

இப்படி நாலைந்து பிள்ளைகளை வைத்து மாநிலத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த ஆந்திரத்தில், கிராமங்களில் குலுக்கல் முறையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை கொடுத்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் 2015இல் அதை வெளியிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளியில் இந்தி கூடுதலாகச் சொல்லிக்கொடுத்ததால் இந்தியில் மட்டும் நன்றாக முன்னுக்கு வந்திருந்தார்கள். அங்கே தனியார் பள்ளியின் செலவு அரசுப் பள்ளியைவிட மிகக் குறைவு என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள், அது வேறு வாதம். டில்லியில் பெரிய பள்ளிகளைப் பற்றிக் கௌதம் ராவ் செய்த ஆய்வு இன்னொன்று. ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் பாகுபாடு குறைந்து, உதவும் மனம் கூடியிருந்தது என்று கண்டார். 'இவங்க வந்தா எங்க பிள்ளை படிப்பு கெட்டுப் போகும்' என்று நம் ஊரில் வேன் ஏற்றும் இடத்தில் பேசிக்கொள்கிறவர்கள் அதைப் படித்தால் நல்லது.

நமக்கும் குலுக்கல் இருக்கிறது. விண்ணப்பம் இணையதளத்தில், யாருக்குக் கிடைத்தது யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அரசின் கையில். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் என்று கல்வித் துறையின் பதிவு எண் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அரசுப் பள்ளிகளில் 3, 5, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, என்ன கற்றிருக்கிறார்கள் என்று பார்க்க, மாநில அடைவுத் தேர்வு நடத்தினார்கள். அந்த வினாத்தாளைத் தனியார் பள்ளியில் அரசுச் செலவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் தெரிந்துவிடும். பள்ளியின் பெயரைப் போட்டு யாரையும் சந்தி சிரிக்க வைக்க வேண்டியதில்லை, பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலைக் கஷ்டப்பட்டு 2017இல்தான் ஒழித்தோம், அதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவர வேண்டாம். மாவட்ட அளவில் சொன்னால் போதும்: இத்தனை பேர் சேர்ந்தார்கள், ஐந்தாம் வகுப்பில் இத்தனை பேர் இருக்கிறார்கள், எட்டு முடித்தவர்கள் இத்தனை, அவர்களில் தாய்மொழியில் சரளமாகப் படிப்பவர்கள் இத்தனை. எந்தப் பள்ளியில் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்களோ அங்கே எண்ணும் எழுத்தும் புத்தகத்தையும் பயிற்சியையும் கொடுங்கள். அந்த டீச்சர்களையும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் வட்டார வளமையப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். எங்கள் காலத்தில் அந்தப் பயிற்சிகளில் தூங்கினவர்களும் உண்டு, ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு அது தேவலாம்.

கடைசியாக எட்டாம் வகுப்பு. இதைப் பற்றிப் பெற்றோருக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. அரசு கட்டணம் கட்டுவது எட்டோடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதம் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லிச் சீட்டு வரும்போதுதான் பலருக்கு அது உறைக்கிறது. போன முறை ஒரு அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து முதல் தவணை கட்டினார், இரண்டாம் தவணைக்கு முடியாமல் நடு வருடத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலைந்தார். பிள்ளை ஆங்கிலவழியில் படித்தவன், நடு வருடத்தில் புதுப் பள்ளி, புதுச் சகவாசம். காலாண்டுத் தேர்வில் என்ன மதிப்பெண் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவிடம் யாரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இவர்களுக்கும் உண்டு. பெண் பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. ஒன்பதாம் வகுப்பைத் தனியாரில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வந்தால் இரண்டும் போய்விடும். ஒரே ஒரு வருடத்து முடிவு, அடகுக் கடைச் சீட்டோடு சேர்ந்து, பிள்ளையின் கல்லூரி வரைக்கும் தொடர்கிறது. பள்ளிக்கு இதைச் சொல்வதில் லாபம் இல்லை. கல்வித் துறையிடமிருந்து கடிதம் வந்ததாக என்னிடம் வருகிற எந்தப் பெற்றோரும் சொன்னதில்லை. எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகம் அந்தப் பெற்றோரின் போனுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பலாம். கட்டண நிலுவைக்காக ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் பள்ளிகள் பதிவு செய்துதானே இருக்கின்றன. பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் அந்தப் பட்டியலைக் கொடுத்தால், அவர்களே வீடு தேடிப் போய்ப் பேசுவார்கள். சேர்க்கை எண்ணிக்கை கூடுகிற வேலை என்றால் எங்கள் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை உங்கள் நிருபர் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம் என்று கேட்கக் கல்வி அலுவலகத்துக்குப் போகும்போது, திருப்பூர் மாவட்டத்தில் 2013-14இல் எல்.கே.ஜி. சேர்ந்தவர்களில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர், இப்போது எங்கே படிக்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்டு எழுத வேண்டுகிறேன். பதில் வராவிட்டால் வரவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்